காண்டஸாவுக்கு வந்த வரி

“வரி ஏத்திட்டா கோவிந்தராஜன். பெரிய டீசல் காருக்கெல்லாம் இனிமே கட்டி மாளாது. வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார் கோவிந்தராஜன். பெங்களூர் மல்லேஸ்வரம் வீட்டு போர்டிகோவில் அந்த நீளமான வெள்ளைக் காண்டஸா பாதி ஈரமாக நின்றது. அலர்மேல்மங்கை அம்மாள் வாசற்படியில் நின்று, கையிலிருந்த செய்தித்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

“என்னாம்மா சொல்றீங்க? ஐயா ஆசை ஆசையா வாங்கின வண்டிம்மா.”

“ஐயா போய் நாலு வருஷம் ஆயாச்சு. நான் ஒருத்தி கோயிலுக்கும் டாக்டர்கிட்டயும் போக இத்தனை பெரிய கார் எதுக்கு? போற எடமெல்லாம் புகை வேற. ஆட்டோல போய்க்கறேன்.”

“அப்ப நானு?”

அம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “உனக்கும் வயசாறது. ஆத்துல இரேன். உன் பேர்ல பேங்க்ல கொஞ்சம் போட்டு வெச்சிருக்கேன்.”

இருபத்தாறு வருஷம். சுந்தரராமன் ஐயா பொதுப்பணித்துறையில் பெரிய எஞ்சினியராக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர் கோவிந்தராஜன். முதலில் அம்பாசிடர், பிறகு இந்தக் காண்டஸா. ஐயாவுக்கு நெஞ்சு வலித்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். “அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோ” என்று ஐயா சொன்னது பின்சீட்டிலிருந்துதான்.

“பாதி சம்பளம் குடுங்கம்மா, போதும். மீதிய அந்த வரிக்குக் கட்டிக்குங்க.”

“வேண்டாம்னா விடேம்பா. வண்டியைப் பாக்க நாளைக்கே ஒருத்தர் வரார்.”

நீலசந்திராவில் தங்கள் வீட்டில் விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி மரகதம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“வரி போட்டது பெரிய வண்டிக்கு, அடி விழுந்தது நம்ம வயித்துல. அவங்களுக்கென்ன, கார் இல்லன்னா ஆட்டோ. நாம எங்க போறது? இத்தினி வருஷம் ஒழைச்சதுக்கு நல்லா குடுத்தாங்க மரியாதை!”

“அவங்கள ஒண்ணும் சொல்லாத” என்றார் கோவிந்தராஜன். ஆனால் அவருக்குள்ளும் முள் இறங்கத்தான் செய்தது. ஐயா இருந்திருந்தால் ஒரு வரிக்காகத் தன்னை வெளியே அனுப்பியிருப்பாரா?

காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வரி எவ்வளவு என்று தெரிந்தால் எங்காவது கடன் வாங்கித் தானே கட்டிவிடலாமே! சாந்திநகர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார்.

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா தமிழும் கன்னடமுமாகக் கேட்டார். “யாவ காடி? என்ன வண்டி, எந்த வருஷத்து மாடல்?”

“காண்டஸா சார். தொண்ணூத்தஞ்சு. டீசல்.”

குமாஸ்தா சிரித்துவிட்டார். “மனேகெ ஹோகி சார், வீட்டுக்குப் போங்க. அது லைஃப் டாக்ஸ் கட்டின வண்டி. இப்ப ஏத்தினது புதுசா ரிஜிஸ்டர் ஆகிற பெரிய வண்டிங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு ஒரு பைசா கிடையாது.”

கோவிந்தராஜனால் நம்ப முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பக்கத்திலிருந்தவரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆமாம், புது வண்டிக்கு மட்டும்தான்!

வந்த பஸ்ஸையெல்லாம் “மல்லேஸ்வரம் போவுமா?” என்று கேட்டுக் கேட்டு, ஒருவழியாக ஏறி, பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டு கேட்டைத் திறந்தார். நல்லவேளை, காண்டஸா இன்னும் போகவில்லை.

“அம்மா! யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லிட்டாங்கம்மா. ஆபீசுக்கே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். நம்ம வண்டிக்கு வரியே கிடையாதாம்! விக்க வேண்டிய அவசியமே இல்ல!”

அலர்மேல்மங்கை அம்மாள் சந்தோஷப்படவில்லை. கூடத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“தெரியும்” என்றார்.

கோவிந்தராஜனின் சிரிப்பு பாதியில் நின்றது. “தெரியுமா? தெரிஞ்சேவா வரி அது இதுன்னு சொன்னீங்க?”

அம்மாள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் என்னாம்மா தப்பு பண்ணேன்? ஒரு நாள் லேட்டா வந்திருப்பேனா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசிருப்பேனா? நீ வேணாம், போடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாமே. எதுக்கும்மா இந்தப் பொய்?”

“என்னைக் கருமின்னு திட்டிட்டுப் போயிருக்கப்படாதா நீ? உன்னை யாரு அங்கெல்லாம் போய் விசாரிக்கச் சொன்னா?”

“சொல்லுங்கம்மா. தெரியாம இங்கேர்ந்து போமாட்டேன்.”

அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார். சொல்ல மனமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“ஆறு மாசமா ‘சிவப்பு விழுந்துடுத்து’, ‘முன்னாடி பஸ் நிக்கறது’ன்னு பின்சீட்லேர்ந்து வாய் ஓயாம சொல்லிண்டு வரேனே, பொழுது போகாமலா? போன செவ்வாக்கிழமை ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன். மார்க்கெட் வாசல்ல அந்தக் குழந்தையை அவ அம்மா எட்டி இழுக்கலேன்னா என்ன ஆயிருக்கும், சொல்லு?”



“எந்தக் குழந்தைம்மா?”