மானுக்கு மணக்கக் கூடாது

எண்ணெய் காய்ந்து, வெங்காயம் போடப் போகிற நேரம் பார்த்துப் புருஷன் வந்து அடுப்பை அணைத்தான்.

சனிக்கிழமை வேட்டைக்குப் போகும் வரைக்கும் தாளிக்கக் கூடாதாம்.

அவள் வெங்காயத் தட்டைக் கீழே வைக்கவில்லை.

மானுக்கு மணக்குமாம். கறி வாசனை உடுப்பில் ஏறினால் மான் தூரத்திலேயே பிடித்துவிட்டு ஓடிவிடுமாம். வகுப்பில் சொன்னார்களாம்.

அந்த வகுப்பு ஒரு தனிக்கதை. துவக்குப் பிடித்துச் சுடப் பழக ஒரு வகுப்பு. வேட்டைக்குப் போக இன்னொரு வகுப்பு. இரண்டுக்கும் பரீட்சை. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒரு நாளும் லீவு எடுக்காத மனுஷன், இதற்கு லீவு எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு துவக்கு. அதற்குப் பிறகு சாமான்கள்.

முதலில் தோல் சப்பாத்து. தோலில் வாசனை தங்கும் என்று யாரோ சொல்ல, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரப்பர் சப்பாத்து. அது காலைக் கடிக்க, இன்னொரு ரப்பர் சப்பாத்து. மானின் கண்ணில் படாமல் இருக்க, இலை இலையாக அச்சடித்த ஜாக்கெட். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் பட, அதற்கு மேல் போடப் பளீரென்ற செம்மஞ்சள் அங்கி.

ஒளியப் போகிறீர்களா, தெரியப் போகிறீர்களா, அதை முடிவு பண்ணிவிட்டு வாங்கக் கூடாதா என்று கேட்டாள்.

சட்டம் என்றான்.

வாசனையில்லாத சோப். வாசனையில்லாத ஷாம்பு. அவன் தலையில் கிடக்கிற நாலு மயிருக்கு ஷாம்பு வேறு. வாசனையைப் போக்க ஒரு ஸ்பிரே. ஜாக்கெட்டை வைத்து மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள்ளே பின்வளவில் அள்ளிய காய்ந்த இலையும் மண்ணும், காட்டு வாசனை ஏறட்டுமாம். மகளின் குளிர்கால உடுப்புகள் இருந்த பெட்டி அது. அவை இப்போது கட்டிலில் குவிந்து கிடந்தன.

எல்லாவற்றையும் பொறுத்தாள். தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் பொறுமை போனது.

தயிருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி. லேபிளில் ஒரு பெண்மான். பெண்மானின் மூத்திரம் போல மணக்கிற ஏதோ திரவமாம். மரத்தில் தடவிவிட்டால் ஆண்மான் தேடிக்கொண்டு வருமாம்.

"உங்களுக்கென்ன விசரோ? என்ரை வெங்காயம் நாறுது, இந்த மூத்திரம் மட்டும் மணக்குதோ?"

அது வேறு வாசனை என்றான்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் மீன் பொரிப்பது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான். வெளியே பனி கொட்டினாலும் சரி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று குளிர்கோட்டுகளையெல்லாம் கீழே பேஸ்மென்டில் பூட்டி வைப்பாள். மனுஷருக்குப் பயந்தது போதாதென்று இனி மானுக்கும் பயப்பட வேண்டும். கடவுளே.

ஆனாலும் அவள் அடுப்பை மறுபடி போடவில்லை.

காரணம் கிளென்.

புருஷன் வேலை செய்கிற ஜன்னல் தொழிற்சாலையில் கிளெனுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போவார்கள். திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் அதையே பேசிச் சிரிப்பார்கள். இவன் மேசை ஓரத்தில் இருந்து, விளங்காத இடத்திலும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவான். இத்தனை வருஷத்தில் யாரும் அவனை வா என்றதில்லை.

இந்த வருஷம் கிளென் கூப்பிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவனின் முகத்தை அவள் பார்த்தாள். கலியாணப் படத்தில்கூட அவன் முகம் அப்படி இல்லை. அதை நினைக்க நினைக்க எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலோடேயே பாண் வெட்டி, பட்டர் பூசிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கும் பாண். கிழமை முழுக்கப் பாண்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளெனிடமிருந்து போன் வந்தது.

இவன் புதுச் சப்பாத்தைப் பழக்க அதோடேயே வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். அவளும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான்.

கிளெனின் குரலில் நல்ல உற்சாகம். பெரிய சட்டியும் அந்தக் கறித்தூளும் மறக்காமல் கொண்டு வரச் சொன்னான். போன கிறிஸ்துமஸுக்கு உன் மனைவி கொடுத்துவிட்டாளே, அந்தக் கோழிக்கறி, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் காட்டுக்குப் போய் வரும்போது சூடாக இருக்க வேண்டும். நீ குளிரில் அலையத் தேவையில்லை, முகாமிலேயே இரு. உன்னைக் கூப்பிடலாம் என்று யோசித்ததே நான்தான்.

"ஓகே," என்றான் அவன். "ஓகே, ஓகே."

சிரித்தான். குனிந்து சப்பாத்தைப் பார்த்தான்.

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான்.

"தூள் இருக்கோ?"

அவள் அலுமாரியைத் திறந்தாள். தங்கை ஊரிலிருந்து வறுத்து அனுப்பிய தூள், டின் நிறைய. மணக்கக் கூடாது என்று அதைச் சுற்றி டேப் ஒட்டி உள்ளே தள்ளி வைத்ததே அவன்தான்.

அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

"முடிஞ்சுதெண்டு சொல்லுங்கோ."

அவன் அவளையே பார்த்தான்.

"என்ன பாக்கிறியள்? சட்டியும் ஓட்டையெண்டு சொல்லுங்கோ. மான் சுட வாறனெண்டு சொல்லுங்கோ. சமைக்க ஆள் வேணுமெண்டா கடையில போய்ச் சாப்பிடட்டும்!"

இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் பொத்தியிருந்த கையை எடுத்தான். பரீட்சையில் பதில் சொல்வதுபோல், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக, மெதுவாகச் சொன்னான். தூள் இல்லை. சட்டி இல்லை. துவக்கு இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்கு வந்து ஏற்றுகிறாய்?

ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

அவள் வந்து அவனை ஒட்டி நின்றாள். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.