கடைசிக் காட்சிக்கு ஓர் அழுகை

"அம்மா, கதவைத் திற. நான் வந்துட்டேன்" என்று ஒன்பதாவது முறையாகச் சொன்னாள் அந்தப் பெண். கண்ணாடிக்கு அப்பாலிருந்து டைரக்டரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"வீட்டுச் சாவியைத் தொலைச்சவ மாதிரி கூப்பிடுற. அம்மாவைத் தொலைச்சவ மாதிரி கூப்பிடு."

அது ஓர் ஒலி நாடகத்தின் கடைசிக் காட்சி. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தேவதைகளின் உலகத்துக்குள் ஒரு சிறுமி நுழைந்துவிடுகிறாள். ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால், இங்கே ஏழு வருஷம் ஓடிவிட்டிருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா இல்லை.

குரல் கொடுப்பவளுக்குப் பதினான்கு வயது. பன்னிரண்டிலிருந்து இந்தச் சிறுமியாகவே பேசி வருகிறாள். சிரிப்பு, பயம், கோபம் எல்லாம் கேட்டவுடன் வரும். அழுகை மட்டும் வராது.

அதற்கு டைரக்டர் ஒரு வழி வைத்திருந்தார். நான்காம் பகுதியில், "உன் நாய் வண்டியில அடிபட்டுடுச்சாம்" என்றார். அவள் விழுந்து புரண்டு அழுதாள். அத்தனையையும் மைக் விழுங்கிக்கொண்டது. பதினோராம் பகுதியில், "பரீட்சையில நீ ஃபெயிலாம், ஸ்கூல்லேர்ந்து சொன்னாங்க" என்றார். இரண்டும் பொய். இரண்டு தடவையும் பிறகு ஒரு சாக்லேட்டை நீட்டி, "கோவிச்சுக்காதம்மா, எல்லாம் கலைக்காக" என்றார்.

இனி ஏமாறுவதில்லை என்று அன்றே அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் இன்று சாயங்காலத்துக்குள் அழுகை வராவிட்டால் கடைசிக் காட்சிக்கு வேறொரு பெண்ணின் குரல் என்று டைரக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

இன்று காலைதான் அம்மாவுக்கு ஆபரேஷனும். பித்தப்பையில் கல், சின்ன விஷயம்தான் என்றார்கள். கூடவே இருக்கிறேன் என்று நின்றவளை அம்மாதான் விரட்டினாள்.

"ஆபரேஷனை டாக்டர் பாத்துக்குவார், அழுகையை நீ பாத்துக்கோ. ரெண்டு வருஷம் தொண்டை வத்தக் கத்திட்டு, முடிக்கிறது இன்னொருத்தியா? போடி. இங்கதான் மாமா இருக்கான்ல."

பத்தாவது டேக்கும் சரிவரவில்லை. "அஞ்சு நிமிஷம் பிரேக்" என்ற டைரக்டர், ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

தேவதைகளின் ராணியாகப் பேசும் நடிகை பக்கத்து மைக்கிலிருந்து தலையை நீட்டினாள். எல்லோருக்கும் அவள் அத்தை.

"ஃபோனோட போறார் பாரு. நாயும் ஆச்சு, பரீட்சையும் ஆச்சு. இன்னிக்கு என்ன குண்டு தூக்கிட்டு வரப்போறாரோ."

"எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேன் அத்தை."

"நம்பாதே. ஆனா நம்பின மாதிரி அழுதுடு. அவர் பொய்யை வச்சே அவரை ஜெயிச்சுடு. அதுதாண்டி நடிப்பு."

ஐந்து நிமிஷம் பதினைந்து ஆயிற்று. திரும்பி வந்த டைரக்டர் முதலில் அத்தையை வெளியே கூப்பிட்டார். கண்ணாடிக்கு அப்பால் அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் பெண். ஒலிப்பதிவு செய்யும் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

டைரக்டர் அவள் இருந்த அறைக்குள்ளேயே வந்தார். முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் வந்தார். அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மாமா பேசினார்மா. ஆபரேஷன் நடக்கும்போதே... அம்மா போயிட்டாங்கம்மா."

அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். நாய் போதாதென்று அம்மாவையே எடுத்துக்கொண்டுவிட்டார். அதுவும் இன்றைக்குப் பார்த்து. கலையாம், கலை! கையை உதறிவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

போனால் இன்னொருத்தி வருவாள். ஆத்திரத்தை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினாள். பூட்டிய கதவை நினைத்தாள். வாசலில் அம்மாவின் செருப்பு இல்லாததை நினைத்தாள்.

"அம்மா... கதவைத் திற. நான் வந்துட்டேன். திறம்மா..."

குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து அவளே இதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. சிறுமியின் குரல் அல்ல, வளர்ந்த பெண்ணின் குரல். கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. டைரக்டரும் அழுதார்.

ஒரு நிமிஷம் கழித்து நிமிர்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எப்படி சார்? இந்தத் தடவை நீங்க என்னை ஏமாத்தல, நான்தான் உங்களை ஏமாத்தினேன். ஒரே டேக்! இனிமே நீங்க பொய்யே சொல்ல வேண்டாம். அம்மா கண்ணு முழிச்சதும் முதல்ல இதைத்தான் போட்டுக் காட்டணும்."

டைரக்டர் அவள் கையை விடவில்லை.

"நாங்க எதையும் ரெக்கார்ட் பண்ணலைம்மா."