பின்சீட்டுக்கு ஒரு ஆள்

பின்சீட்டில் யாராவது ஏறுங்கள் என்று ஊசியக்கா கெஞ்சியதும், எதிரிக்கு ஒருநாளும் முதுகு காட்டாத வீரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்வாங்கினார்கள்.

வயர்லெஸ் மாமாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. முகாமில் சமையல் பார்த்தவருக்கு அந்த நிமிடம் பார்த்து மாத்திரை நேரம் வந்துவிட்டது. இன்னொருவர் தன் செயற்கைக் காலைத் தட்டிக் காட்டி, மிச்சமிருப்பது ஒன்றுதான், அதையாவது விட்டுவை அம்மா என்று கும்பிடு போட்டார்.

நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைத்து, அஞ்சலி முடிந்து, டீ குடிக்கிற நேரம். வருடா வருடம் போரில் போனவர்களின் குடும்பங்களும், போய்த் திரும்பியவர்களும் இங்கே கூடுவார்கள். மெதுவாகப் பேசுவார்கள், மெதுவாகக் கலைவார்கள்.

இந்த வருடம் அக்கா, செத்துப்போன புருஷனின் மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. கண்ணுக்கே தெரியாத நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். பட்டப்பெயர் அப்படி வந்தது. ஆயிரம் பேருக்கு ஊசி குத்தியும் நடுங்காத கை, ஐம்பது வயதுக்கு மேல் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு மாதம் நடுங்கித் தீர்த்தது.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடு என்று தம்பி வருடக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, காலை ஊன்றாமல் தூணை ஒரு சுற்று வந்துவிட்டால் வண்டி அவளுக்கு. ஊன்றினால் நாளைக்கே இரும்புக்கடை.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் ஏறமாட்டானாம். அவன் நடுவராம்.

அக்கா எல்லோரையும் தாண்டி வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே ஒல்லி அண்ணன் நின்றிருந்தார்.

அவரும் பழைய சிப்பாய்தான். எந்தப் பிரிவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வருடம் தவறாமல் வருவார், ஆனால் தூணுக்குக் கிட்டே வரமாட்டார், டீயும் குடிக்கமாட்டார். ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து இத்தனை தூரமும் நடந்தே வருவார். ஆட்டோ ஹார்ன் கேட்டாலே மனுஷன் மரத்தில் ஏறிவிடுவார் என்பது சமையல்காரரின் கிண்டல்.

இவரை ஏற்றப்போகிறேன் என்று அக்கா சொன்னதும் விசில் பறந்தது.

அவர் முடியாது என்று தலையாட்டினார். அக்கா வண்டியை நேராக அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நீங்களும் வராவிட்டால் வண்டி போய்விடும் அண்ணே என்றாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, எரிகிற அடுப்பில் உட்காருகிறவர் மாதிரி ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது.

புறாக்கள் பறந்தன. போட்டோ எடுக்க வந்தவர் பூச்செடிக்குள் பாய்ந்தார். வயர்லெஸ் மாமா முழங்கால் வலியை மறந்து கூடவே ஓடி, இடது, வலது என்று மாற்றி மாற்றி உத்தரவு போட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை சந்தோஷம் உடம்புக்கு ஆகுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தூண் சுழன்று வந்தது. ஒரே லாரியில் போய், ஒரே கண்ணிவெடியில் முடிந்தவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தன. நடுவில் அவள் புருஷன். போகிற போக்கில் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கண்ணடித்ததுதான் தப்பு. வளைவில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கால் தானாக இறங்கப் பார்த்தது. தம்பி சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

அப்போது காதோரம் ஒரு குரல் தாழ்ந்து கேட்டது. கிளட்சைப் பாதி விடு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடு, சக்கரத்தைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார் என்றது.

அவள் பார்த்தாள். வண்டி நிமிர்ந்துகொண்டது.

மிச்ச வளைவு முழுக்க அந்தக் குரல் கூடவே வந்தது. கடைசியில் குரல் நின்று, பின்சீட்டிலிருந்து சிரிப்பு கேட்டது. ரொம்ப நாள் சும்மா கிடந்த அடிபம்பில் தண்ணீர் வருகிற மாதிரி, முதலில் இருமல், அப்புறம் சிரிப்பு.

சுற்று முடிந்தது. கிழவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தோற்றவனை எதற்குத் தூக்குகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாசலோரம் ஒல்லி அண்ணன் இறங்கினார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. திரும்பித் தூணைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கு அந்த லாரிய ஓட்டினது நான்தாம்மா."

பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

வண்டி ஸ்டாண்டில் நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. முன்சீட்டு காலி. அக்கா பின்னால் தள்ளி உட்கார்ந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணே, ரொம்ப வருஷமா தெரியும். ஏறுங்க, இந்தச் சுத்து நீங்க ஓட்டுங்க."