பொன்னரசுக்கு ஒரு ஓட்டு

"அந்த மைசூர்க்காரனப் போட்டா பொன்னரசு கதை முடிஞ்சுதுங்க ஆத்தா. சிரிக்கறானா அழுகறானான்னே தெரியல!" என்றாள் லோகப்பிரியா.

கருமத்தம்பட்டியில் பாலுசாமி வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் மகள் அவள். கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பு. சாயங்காலமானால் கீழே இறங்கி வந்து பாலுசாமியின் மனைவி ராசாத்தாளோடு உட்கார்ந்து டிவியில் நாடகம் பார்ப்பாள்.

எட்டு வருடமாக ஓடும் அந்த நாடகத்தில் பொன்னரசாக நடித்த பெங்களூர் நடிகர் விலகிவிட்டார். அடுத்த பொன்னரசை ரசிகர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மைசூர் நடிகர் ஒருவரையும் சென்னை நடிகர் ஒருவரையும் நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு மிஸ்டு கால் எண். இன்றைய நாடகம் முடிவதற்குள் ஓட்டு முடிந்துவிடும்.

"சென்னைப் பையன் சரிப்படாதுங்க அம்மணி," என்றார் கோவிந்தராஜுலு. பாலுசாமியின் தறிக் குடோனுக்கு மேனேஜர். சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர் போகாமல் நின்றுவிட்டார். "பொன்னரசுன்னா மீசை வேணும். அவனுக்கு ஒட்ட வெச்சாலும் நிக்காது."

"மீசையா சண்டை போடுது? கண்ணப் பாருங்க. மைசூர்க்காரனுக்குச் செத்த மீனாட்டம் இருக்குது."

"இருந்துட்டுப் போகட்டும். நீ என்ன கொழம்பா வெக்கப்போற?"

லோகப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். ராசாத்தாள் சிரிக்கவில்லை. இன்று அவள் காபிகூடக் கலக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு, தெரு சீக்கிரமே இருட்டியிருந்தது.

பாலுசாமி வழக்கம்போல வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கூத்தாடிப் பொழப்பை அவர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நாடகம் ஓடும்போது அந்த இடத்தைவிட்டு எழுந்ததும் இல்லை. பார்க்கிறவர்களைக் காவல் காக்கிறார் என்று லோகப்பிரியா தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

"அம்மணி," என்றார் அவர், திரும்பாமல். "அந்த மைசூர்க்காரனுக்கே போட்டுரு."

லோகப்பிரியா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கய்யா, அவர் மூஞ்சிய நீங்க பாத்திருக்கறீங்களா?"

"பாக்கோணும்னு இல்ல."

"அப்பறம் எதுக்குங்க அவரு?"

"வெளியூர்க்காரன் இருந்த எடத்துக்கு வெளியூர்க்காரனே வரட்டும். எட்டு வருசமா நடக்கறத மாத்தப்படாது. அதுதான் மொறை."

"இதென்னங்கய்யா, கோயில் தர்மகர்த்தா பதவியா? நாடகமுங்க!"

கோவிந்தராஜுலு சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாலுசாமி சட்டைப் பையிலிருந்து தன் பழைய பட்டன் போனை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார்.

"இதுலயும் போட்டுக் குடு. ராஜுலு, குடோன்ல வேலை பாக்கறவங்க அத்தனை பேரையும் போடச் சொல்லு."

கோவிந்தராஜுலுவின் சிரிப்பு நின்றது. நெசவாளர் சொசைட்டித் தேர்தலில் நின்றபோது, 'கேட்டு வாங்கற ஓட்டு நமக்கெதுக்கு' என்று வீட்டைவிட்டு இறங்காமலே தோற்ற மனிதர் பாலுசாமி.

"சொல்லிப்போடறேனுங்க," என்று சொல்லிவிட்டு மழையிலேயே ஓடினார்.

லோகப்பிரியா பாலுசாமியின் போனில் மைசூர்க்காரனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள்.

"உன்ற போன்லயும் போடு அம்மணி." சற்று நிறுத்தினார். "கேட்டுக்கறேன்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ராசாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"செஞ்சுபோடறேனுங்கய்யா," என்று லோகப்பிரியா தன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். உதட்டோரத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு.

நாடகம் முடிந்தது. அறிவிப்பாளர் வந்தார். பெரிய முரசுச் சத்தத்துக்குப் பிறகு சென்னை நடிகர் திரையில் கைகூப்பினார்.

"வணக்கம்! நாளையிலிருந்து நான்தான் உங்க பொன்னரசு!"

லோகப்பிரியா துள்ளிக் குதித்துக் கைதட்டினாள்.

பாலுசாமி நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். எப்போதும் கம்பிபோல நிமிர்ந்திருக்கும் முதுகு வளைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லோகப்பிரியாவின் கைதட்டல் பாதியில் நின்றது.

"ஐயா கோவிச்சுக்கிட்டாருங்களா ஆத்தா? நான் சென்னைக்காரருக்குத்தானுங்க போட்டேன். எங்க கிளாஸ்ல எல்லாத்தையும் போட வெச்சேன். சும்மா வெளையாட்டுக்குங்க. யாரு நடிச்சா என்னங்க, ஒரு நாடகத்துக்குப் போயி…"

ராசாத்தாள் டிவியை அணைத்தாள். வீடு திடீரென்று வெறிச்சோடியதுபோல் இருந்தது.

"சென்னைப் பையனுக்குத் தமிழ் வரும் கண்ணு. அவன் வசனத்த அவனே பேசிக்குவான்," என்றாள். "மைசூர்க்காரன் வந்திருந்தா, பெங்களூர்க்காரனுக்குக் கொரல் குடுத்தவனே இவனுக்கும் குடுத்திருப்பான்."

"அதுக்கென்னங்க ஆத்தா?"

ராசாத்தாள் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"குடுத்தது எங்க பையன் மனோஜு. பேசிப் பொழைக்கறேன்னு மெட்ராசுக்குக் கெளம்புனவன, 'இனி உன்ற சத்தமே இந்த ஊட்டுல கேக்கப்படாது'ன்னு சொந்தபந்தம் ஒரம்பரைன்னு அத்தன சனத்து முன்னால சொல்லி அனுப்புனவரு இவருதான்."