பரப்பிய துணி

போடி ஏலக்காய் வியாபாரி தங்கமாயன், சரக்கோடு தன்னைப் படமெடுக்க ஸ்டுடியோ நடத்தும் தேவகிருபையை மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வரச் சொல்லியிருந்தார்.

“சாயம் போடாத பச்சைன்னு படத்தப் பாத்தாலே தெரியணும்.”

ஃபிளாஷ் வெளிச்சத்தில் எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்ட, அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

“பேப்பர் எதுக்கு ஆத்தா? காய் பரப்புற துணியே வெள்ளைதான். அதக் காட்டி வெரசா எடு.”

அப்படியே எடுத்தாள். படத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமாக இருந்தது.

“தொழில் தெரியாதா ஒனக்கு?”

தேவகிருபை தாளைக் காட்டி மறுபடியும் எடுத்தாள். இப்போது சட்டை வெள்ளையாக இருந்தது. துணிதான் இளம்பச்சையாகத் தெரிந்தது; அதை வெள்ளை என்று காட்டியதால்தான் முதல் படத்தில் சட்டை ரோஸாகியிருந்தது.

தங்கமாயன் குரலைத் தாழ்த்தினார். “இந்தப் படத்த அழிச்சிரு.”

“அழிக்க மாட்டேண்ணே. காயில வெளஞ்ச பச்ச துணியில ஒட்டாது.”