சைடு கண்ணாடி

"ரோடு தெரியுதா தாயி?"

"இல்லப்பா. இன்னும் கொஞ்சம் உள்ள திரும்பணும்."

"உள்ள திருப்புனா வீட்டுச் சுவருதேன் தெரியும்."

"நீங்க நட்டைப் பிடிங்கப்பா. நான் பாத்துச் சொல்றேன்."

சுருளியாண்டி ஸ்பேனரை மறுபடி தளர்த்தினார். குமுளி மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி அவருடைய பழைய லாரியின் சைடு கண்ணாடி கழன்று தொங்கியது. மரை தேய்ந்துவிட்டது. சைக்கிள் டியூபைக் கத்தரித்துக் கம்பியில் சுற்றி, அதன்மேல் கிளாம்பைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். வாசலில் நிற்கிற வண்டி ஒற்றைக் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் கவலை.

கண்ணாடியைப் பிடித்திருந்த சண்முகத்தாயின் கவலை வேறு. அப்பாவின் முதுகுக்குப் பின்னால், அடுப்படி ஜன்னலில் மதினி மாயக்காள் நின்று கரண்டியை அப்படியும் இப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி போன பக்கம் கண்ணாடியும் போனது. கரண்டி அசையாமல் நின்றது.

"போதும்ப்பா. முறுக்குங்க."

"ரோடு?"

"நல்லாத் தெரியுது."

சுருளியாண்டி கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார். அசையவில்லை. "ஸீட்டுல ஏறிப் பாத்துரட்டா?"

"நேரமாச்சுப்பா. குளிக்கப் போங்க."

"அவுக பூவோட வாராக தாயி. போன தடவை மாதிரி முழிக்கக் கூடாது. கிளம்புறதுக்குள்ள பதில் சொல்லிரணும்."

போன தடவை போடியிலிருந்து வந்தவருக்கு வழக்கப்படி தலை நிமிராமல் காபி கொடுத்தாள். பிறகு எல்லோரும் சுற்றி நின்று, "பிடிச்சிருக்கா?" என்றார்கள். அவள் பார்த்திருந்தது ஒரு கால் பெருவிரலை மட்டும். அதை வைத்து என்ன சொல்வது? பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டாள். ஆயுசுக்கும் கூட இருக்கப் போகிறவரை இந்தத் தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் புழுக்கம் என்று நாற்காலிகளை வாசலில் புங்க மரத்தடியில் போட்டிருந்தார்கள். அடுப்படி ஜன்னலுக்கு வாசல் தெரியாது. வீட்டு மூலையில் நிற்கும் லாரியின் சைடு கண்ணாடி மட்டும் தெரியும். இப்போது லாரிக் கண்ணாடியில் நடு நாற்காலி பளிச்சென்று தெரிந்தது.

"நீ பிசிக்ஸ் படிச்சது இதுக்காச்சும் ஆச்சே," என்றாள் மதினி.

ஓடைப்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தமிழ்மாறனை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சண்முகத்தாய் குனிந்த தலையோடு காபி கொடுத்தாள். குனிந்த தலையோடு உள்ளே வந்தாள். வந்ததும் ஜன்னலுக்கு ஓடினாள்.

"எனக்கும் கொஞ்சம் எடம் விடுடி." மதினி தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "மீசை பரவாயில்ல."

"காதுதேன் கொஞ்சம் பெருசு மதினி."

"நீ எங்கிட்டப் பேசுற பேச்சுக்கு அம்புட்டுக் காது வேணும்."

திடீரென்று கண்ணாடி முழுக்க வெள்ளை வேட்டி. மாப்பிள்ளையின் மாமா புதுச் செல்போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி லாரிப் பக்கம் வந்திருந்தார்.

"டவரு தேடியே இவரு குமுளிக்குப் போயிருவாரு போலயே!"

சண்முகத்தாய் வாயைப் பொத்திச் சிரித்தாள். வேட்டி விலகியது. மாப்பிள்ளையும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

மிச்சக் காபியை மதினி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. "ஆத்தாடி! சீனியே போடல!"

கண்ணாடியில் நாற்காலி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கலக்கிய காபி. சண்முகத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். வாசலில் மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைக்கப் போனார்.

"ஏலே, என்னலே இது காபி..."

"ஒனக்குச் சுகருன்னு விசாரிச்சுப் போட்டுருக்காக ஆத்தா. பேசாமக் குடி." தமிழ்மாறன் தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தான். "எனக்கு இன்னொரு டம்ளர் கிடைக்குமா மாமா?"

சுருளியாண்டி ஒன்றும் புரியாமலே பூரித்துப் போனார்.

"பாத்தியாடி?" மதினி முழங்கையால் இடித்தாள். "மொகம் தெரியாத வீட்டு மானத்தை எப்படிக் காப்பாத்துறாரு!"

பெண் முன்னால் நிற்கும்போது யாரும் நல்லவராக நடந்துகொள்ளலாம். அவள் இல்லாதபோது எப்படி என்பதுதான் தெரிய வேண்டும். அது சண்முகத்தாய்க்குத் தெரிந்துவிட்டது.

"என்ன, சரிதானா? ம்னு தலையை ஆட்டு. நான் போயி மாமாகிட்டச் சொல்லிர்றேன்."

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சண்முகத்தாய் தலையை ஆட்டினாள். போதாதென்று இன்னொரு தரமும் ஆட்டினாள்.

மதினி கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அடுப்படி நிலையைத் தாண்டவில்லை, வாசலில் தமிழ்மாறனின் குரல் கேட்டது.

"ஆத்தா, பூவை எடு. பொண்ணுக்குச் சம்மதமாம்."

"யாரு மாப்ள சொன்னா?" சுருளியாண்டி திகைத்தார். "நாங்க இன்னும் கேக்கவே இல்லயே!"

"அவுகதேன் மாமா. இப்பத்தேன் ரெண்டு தரம் தலையாட்டுனாக," என்றான் தமிழ்மாறன், லாரிக் கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தபடி.