வியாழக்கிழமை ஈரம்

கண்டியில் கந்தோர் வேலை முடிந்து லோகநாதன் வீட்டுக்கு வந்தபோது, அந்த வியாழக்கிழமையும் கூடம் ஈரமாக இருந்தது. பினாயில் வாசம் வேறு. ஜன்னலோரக் கதிரை இரண்டு விரல் தள்ளிக் கிடந்தது.

"காலையிலதானே நான் துடைச்சேன்? யாரு வந்தா?"

"யாருமில்லீங்க" என்ற அவன் மனைவி பவானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வியாழன் அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வந்து நின்றான். உள்ளே சிரிப்புச் சத்தம். கதவைத் தள்ளினான்.

கதிரையிலிருந்து பதறி எழுந்தவள், நாவலப்பிட்டியில் வாழ்க்கைப்பட்ட அவனுடைய சொந்தத் தங்கை செல்வமலர்.

"நீயா! எனக்குத் தெரியாம ஏன் ஒளிஞ்சு வர்ற?"

"தீபாவளிக்கு வந்துட்டுப் போறப்ப குடையை மறந்துட்டேன். திரும்பி வந்தா, நீங்க வீடு பூரா தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டு இருந்தீங்க." என்றாள் செல்வமலர். "பொணம் எடுத்த வீட்டத்தானே அண்ணே அப்படிக் கழுவுவாங்க? நான் உசுரோடதானே போனேன்?"

"இவ வந்தது தெரிஞ்சா நீங்க விடிய விடியக் கழுவுவீங்க. அதான் முந்திக்கிட்டு நானே துடைச்சு வைக்கிறேன்" என்றாள் பவானி.

"வீட்டச் சுத்தமா வச்சிக்கிறது ஒரு குத்தமா?" என்று சீறினான் லோகநாதன்.

இருவரும் அவன் கையையே பார்த்தார்கள். அவனும் குனிந்து பார்த்தான்.

மேசைமேல் கிடந்த ஈரத்துணியை எப்போது எடுத்தானோ, தங்கை எழுந்த கதிரையை அவன் கை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தது.